வாசகர் கேள்விகள்: தாத்தா பெட்டியில் ஒரு ஸ்டெய்ன்பெக்

போன இதழில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் நாவல்களின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குப் பர்மாத் தமிழர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*ஐயா, தாத்தாவின் தகரப்பெட்டியில் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' கிடைத்தது. லண்டன், ஹைன்மன், 1939 என்று போட்டிருக்கிறது. மேலுறை கிழிந்து தொங்குகிறது. இது முதல் பதிப்பா? மேலுறையை எடுத்துவிட்டு நல்ல பைண்டு போட்டால் விலை கூடுமா? – வாசகர், மோல்மேன்*

பைண்டு போடாதீர்கள் தம்பி. ரங்கூனில் பைண்டிங் செய்தே பிழைத்தவன் சொல்கிறேன். புதுக் காலிகோ துணி ஒட்டி, ஓரம் வெட்டி, முதுகில் தங்க எழுத்து அடித்தால் புத்தகம் கல்யாண மாப்பிள்ளை போல இருக்கும். ஆனால் சேகரிப்பவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்தக் கிழிந்த மேலுறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விலையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் முதல் பதிப்பாக இருக்கலாம். காப்புரிமைப் பக்கத்தில் முதல் வெளியீடு 1939 என்ற வரிக்குக் கீழே மறு அச்சுகளின் மாதமோ வருஷமோ வரிசையாக வந்தால் அது பிந்திய அச்சு. கீழே ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்படலாம். அதற்காக வீடு வாங்கும் கனவு வேண்டாம். பெரிய பணம் புரள்வது அமெரிக்கப் பதிப்பில். நியூயார்க்கில் வைக்கிங் பிரஸ் 1939 ஏப்ரல் 14 அன்று வெளியிட்டது. அதன் காப்புரிமைப் பக்கத்தில் '1939 ஏப்ரலில் முதல் வெளியீடு' என்று மட்டும் இருக்கும். இரண்டாம் அச்சு பற்றிய பேச்சே இருக்காது. மேலுறை எல்மர் ஹேடர் வரைந்தது. அதன் உள்மடிப்பில் கீழ்மூலையில் முதல் பதிப்பு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். விலை இரண்டே முக்கால் டாலர். அட்டையின் உட்பக்கத் தாளைப் பிரித்தால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாட்டு ஒன்று இசைக்குறிப்போடு இருக்கும்.

அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் இது, ஆகவே புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. மேலுறையோடு கிடைப்பதுதான் அபூர்வம். அன்றைக்கு அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் படிப்பார்கள்.

*அண்ணே, தமிழ்ப் புத்தகமே அருகிப்போன ஊரில் வெள்ளைக்காரன் நாவலுக்கு ஏன் இந்த அலைச்சல்? – வாசகர், தட்டோன்*

நியாயமான கோபம். தமிழ்ப் புத்தகத்தையும் விடுவதில்லை, ஆனால் கேட்டது ஸ்டெய்ன்பெக்கைப் பற்றி.

1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். நடுவில் நடந்தது நெல் விலை வீழ்ச்சி. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. செட்டியாருக்கும் நிலத்தைவிடப் பணம்தான் வேண்டியிருந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தாத்தன் உழுத வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் குடியானவனுக்கு அது என்ன ஆறுதல்? 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் அதே வருஷங்களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பாங்கு நிலத்தை எடுத்துக்கொள்ள, டிராக்டர் வீட்டை இடிக்க, ஜோட் குடும்பம் ஓட்டை லாரியில் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. நம்மவர்கள் எல்லாரும் லேவாதேவிக்காரர்கள் இல்லை, அறுப்புக் கூலிக்கு வந்தவர்களும் உண்டு, என் பாட்டன் உட்பட. இருந்தாலும் அந்த நாவலைப் படிக்கும்போது நாம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொஞ்சம் நெளிகிறேன். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கி நடந்த கூட்டத்தில் நம்மவர்கள் இருந்தார்கள். அப்போது லாரியில் கிளம்பிய ஜோட் குடும்பத்தின் பக்கம் வந்துவிட்டோம். எனக்கு இந்த எழுத்தாளர் போதும்.

*அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் ஒரு சின்னப் புத்தகம், பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஸ்டெய்ன்பெக் பெயர் போட்டிருக்கிறது. குழந்தைகள் புத்தகமா? – வாசகி, பெகு*

இல்லையம்மா, பட்டாளத்துப் புத்தகம். 1943 முதல் 1947 வரை அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாகக் கொடுக்க அச்சடித்தவை. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட தலைப்புகள், சுமார் 12 கோடி பிரதிகள். பத்திரிகை அடிக்கும் இயந்திரத்தில் இரண்டு புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டிக் குறுக்கே வெட்டினார்கள், அதனால்தான் இந்த வடிவம். சட்டைப் பையில் அடங்கும். போர்க்காலத்தில் அஸ்ஸாமிலிருந்து வடபர்மா வழியாக லேடோ சாலை போட்ட அமெரிக்கர்கள் வழியாக இந்த நாட்டுக்குள் வந்திருக்கலாம். முதல் பதிப்பு இல்லை, பெரிய விலையும் போகாது. எனக்கு மட்டும் ஹைன்மன் பதிப்பைவிட இதன் மேல்தான் ஆசை. தாளைக் கோத்த கம்பிப் பின் துருவேறித் தாளைத் தின்றால் மெல்லக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துக்கொள்ளுங்கள்.

*இராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது? பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கலாமா? – வாசகர், ரங்கூன்*

மழைக்காலத்தில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டியதாகும், பூஞ்சை பூக்கும். பூச்சி தேடி வருவது பசையையும் தாளில் உள்ள மாவையும். அதனால்தான் நாங்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம். புத்தகத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். மழை விட்டு வாடை தொடங்கியதும் நிழலில் விரித்துத் தட்டி வையுங்கள், வெயிலில் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி சாகும் என்பது சரிதான், ஆனால் நம் ஊர் மின்சாரத்தை நம்பி அதில் இறங்க முடியாது. மேலுறைக் கிழிசலில் செலோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் மஞ்சள் கறைதான் மிஞ்சும்.

*ரங்கூன் பன்சோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது? – அதே வாசகர்*

பெரும்பாலும் ஹைன்மன் பதிப்புகளும் பாக்கெட் பதிப்புகளும்தான் கண்ணில் படும். 1929-ல் வந்த முதல் நாவல் 'கப் ஆஃப் கோல்டு' அங்கே கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அமெரிக்கப் பதிப்பு ஏதாவது வந்தால் அச்சுப் பிழைகளைப் பாருங்கள். 1937-ல் வந்த 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்றால் 9-ஆம் பக்கத்தில் கைகள் தொங்குவதைச் சொல்லும் இடத்தில் 'பென்டுலா' என்ற சொல் இருக்க வேண்டும். 88-ஆம் பக்க எண்ணில் இரண்டு எட்டுகளுக்கு நடுவே ஒரு புள்ளி. அடுத்த அச்சுகளில் இரண்டும் போய்விட்டன. 'தி மூன் இஸ் டவுன்' என்றால் 112-ஆம் பக்கத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே வேண்டாத புள்ளி ஒன்று. அந்நியப் படை பிடித்த ஓர் ஊரின் கதை அது, வெளிவந்தது 1942 மார்ச்சில். ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்த மாதமும் அதுவே.

பக்க எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடைக்காரர் எதிரே நின்று 88-ஆம் பக்கத்தைத் தேடாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் சமையல் புத்தகத்தையும் சேர்த்து எடுத்து, இரண்டுக்கும் ஒரே விலை கேளுங்கள்.