புண் ஆறும்வரை லேசரைத் தள்ளிப்போட வேண்டாம்

அம்மாவுக்குக் கணுக்காலின் உட்பக்கம் எட்டு மாதமாக ஆறாத சிரைப்புண் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயான சிரை பழுதாகி வருவது), அது ஆறிய பிறகே கெட்ட சிரையைச் சூட்டால் அடைக்கும் லேசர் என்று காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 2018-இல் வெளியான பிரிட்டனின் ஈவ்ரா ஆய்வில், கெட்ட சிரையை இரண்டு வாரத்துக்குள் அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. இரு தரப்புக்கும் அழுத்தக் கட்டு இருந்தது.

சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் பின்னோட்டம் தப்பிவிடும். கெண்டைக்காலை அமுக்கி விட்டதும் ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழே திரும்பினால் வால்வு பழுது. ஆழ்சிரையில் அடைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் திட்டமே மாறும்.

லேசருக்கு மரத்துப்போகும் ஊசி போதும், பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்பலாம். ஆனால் புண்ணுக்கு அடியில் நெளிந்து கிடக்கும் சிறு சிரைகளுக்குள் லேசர் இழை போகாது. அங்கே சிரையை அடைக்கும் மருந்தை நுரையாக்கிச் செலுத்தும் நுரை ஊசி போட வேண்டும். அதை விட்டுவிட்டால் பெரிய சிரை அடைபட்டும் புண் இழுத்துக்கொண்டே போகலாம்.

கட்டின் அழுத்தம் கணுக்காலில் சுமார் 40 மிமீ பாதரசம் (ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு), மேலே போகப்போகக் குறைய வேண்டும். அதற்கு முன் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் பார்த்தே ஆகவேண்டும்: 0.8-க்குக் கீழ் என்றால் இறுக்கிக் கட்டுவது ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும்; கால்விரல் அழுத்தத்தையும் பாருங்கள்.