கவுன்ட்டரைத் தேடி வந்த குடும்பம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் ‘வைல் யூ வேர் ஸ்லீப்பிங்’ (1995) ஹாலிவுட் படம் பார்த்தேன். சிரித்துச் சிரித்துப் பார்த்தும் முடிவு மனசுக்கு ஒட்டவில்லை. கோமாவில் கிடப்பவனுக்கு நிச்சயமான பெண் என்று ஒரு குடும்பத்தையே நம்பவைத்தவளுக்குக் கடைசியில் அவன் சகோதரன் மோதிரம் போடுகிறான். பொய்க்குப் பரிசா? எங்கள் பெரம்பூரில் எந்த வீட்டில் இப்படி மன்னிப்பார்கள்?

பெரம்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பொய்யைத் தொடங்கியது கதாநாயகி லூசி இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ் தவறாகப் புரிந்துகொண்டது. ஆனால் அதை வளரவிட்டது லூசிதான், அந்தப் பழியை நான் துடைக்கப் போவதில்லை. சிகாகோ ரயில் நிலையத்தில் பயணிகளிடம் டோக்கன் வாங்கும் வேலை அவளுக்கு. குடும்பம் இல்லாதவள் என்பதாலேயே கிறிஸ்துமஸ் டியூட்டியும் அவள் தலையில். அவள் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டது கோமாவில் கிடக்கும் பீட்டரின் வீட்டாரைத்தான்.

சரி, அவளை யாராவது கையும் களவுமாகப் பிடித்தார்களா? இல்லை. விஷயம் தெரிந்த குடும்ப நண்பர் சால் வாயைத் திறக்கவில்லை. பீட்டரோடு கல்யாணம் நடக்கும்போது, பாதிரியார் முன்னால், அவளே உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அந்த வீடும், அவள் காதலிக்கும் பீட்டரின் சகோதரன் ஜாக்கும் கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தே சொல்கிறாள். பொய்க்கான விலையை அங்கேயே கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்த மோதிரம். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்கும்போது பாருங்கள், கவுன்ட்டர் இடுக்கில் சில்லறையைத் தள்ளுவோம், உள்ளே ஒரு கை தெரியும், முகத்தை யார் பார்க்கிறோம்? லூசி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது அப்படியான ஓர் இடத்தில். அந்தத் தட்டில் டோக்கனுக்குப் பதிலாக மோதிரம் விழுகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஜாக் மட்டும் இல்லை, ஏமாற்றப்பட்ட குடும்பமும் நிற்கிறது. ஜாக் தனியாக வந்திருந்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். மன்னிக்க வேண்டியவர்களே அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டார்களே!

பெரம்பூரில் மன்னிப்பார்களா என்கிறீர்கள். டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள், கோபித்துக்கொண்டு ஆலயத்துக்கே வராதவர் வீட்டு வாசலிலும் நின்று பாடிவிட்டுத்தான் போகிறார்கள். பாதி வீடுகளில் கதவும் திறக்கிறது. எனக்கு அது போதும்.

என் குறை வேறு: பீட்டர். கண் விழித்தவனை ஞாபக மறதி என்று நம்பவைத்து, கல்யாணம்வரை கொண்டுவந்து விடுகிறார்கள். ஜாக்கை எப்போது காதலிக்கத் தொடங்கினாய் என்று அவன் கேட்டதாகக் கடைசியில் லூசியின் குரல் சொல்கிறது, ‘நீ தூங்கிக்கொண்டிருந்தபோது’ என்று படத்தின் தலைப்பே பதிலாக வருகிறது. அவன் அதைக் கேட்கும்போது அவன் முகம் எப்படி இருந்தது? இயக்குநர் அதைக் காட்டியிருக்க வேண்டும்.