தண்ணியும் வெள்ளமும்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா:

அக்கா, என் பையனுக்கு மூணரை வயது. டவுன் சிண்ட்ரோம். பெரியவள் நாலாம் வகுப்பு, தமிழ் மீடியம். வீட்டுக்காரர் விடிகாலை மூன்று மணிக்கே பால் வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அத்தை இரண்டு மாடு வைத்திருக்கிறார். நான் வீட்டிலேயே தையல். வாரத்தில் மூன்று நாள் பையனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பாலக்காட்டுக்குத் தெரபிக்குப் போய்வருகிறேன். வீட்டில் செய்யச் சொல்லி 14 பயிற்சிகள் எழுதிய தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நாலு முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. "அங்கன்வாடியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்றால் பிள்ளை குழம்பிவிடும். வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்" என்று ஒருவர் சொன்னார். எனக்குக் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் மலையாளம் வரும், அத்தைக்கு அதுவும் வராது. இரண்டு மாதமாக நான் அவனிடம் பேசுவதே குறைந்துபோனது. படம் போட்ட அட்டைகளை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போன வாரம் அவற்றைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். நான் எங்கே தப்புச் செய்கிறேன்?

அம்மிணி, அந்த ஒளித்து வைத்த அட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு பொருள் வேண்டாம் என்று முடிவு செய்து, ஆள் பார்க்காத நேரம் பார்த்து, கண்ணில் படாத இடம் தேடி வைத்திருக்கிறான். உங்கள் பையனுக்கு நல்ல புத்தி இருக்கிறது. வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லியிருக்கிறான்.

மொழி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தமிழை நிறுத்தாதீர்கள். இன்று ராத்திரியிலிருந்தே பழையபடி பேச ஆரம்பியுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் இரண்டு மொழியோடு வளர்ந்தால் பின்தங்குவார்களா என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரே மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. இன்னொரு மொழியையும் கூடவே கற்றுக்கொண்டிருந்தார்கள். பேச்சு தாமதமாவது இந்தப் பிள்ளைகளின் இயல்பு. ஒரு மொழி வீட்டிலும் தாமதமாகும், இரண்டு மொழி வீட்டிலும் தாமதமாகும். பழியைத் தமிழ்மேல் போட வேண்டியதில்லை.

உங்களுக்குத் தடையில்லாமல் வருகிற மொழியில்தான் அவனைக் கொஞ்ச முடியும், அதட்ட முடியும், மாட்டைக் காட்டிக் கதை சொல்ல முடியும். தட்டுத்தடுமாறிப் பேசுகிற மலையாளத்தில் நாளைக்கு நாற்பது வார்த்தை வருமா? அத்தை பாவம், வாயைத் திறக்கவே பயந்துபோயிருப்பார். இந்த இரண்டு மாதத்தில் வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்ததுதான் அவனுக்கு நஷ்டம்.

அதற்கும் முன்னால் ஒன்று. காது பரிசோதனை எப்போது செய்தீர்கள்? இந்தப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்கும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்வது மிகவும் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் நாம் பேசுவது அவனுக்குத் தண்ணீருக்குள் முங்கிக் கேட்பது மாதிரிக் கேட்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அடுத்த பாலக்காட்டுப் பயணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வருஷத்துக்கு ஒரு முறை தவறக் கூடாது. தைராய்டு குறைந்தால் பிள்ளை மந்தமாகிவிடும், நாமோ "இவன் அப்படித்தான்" என்று இருந்துவிடுவோம்.

இப்போது அந்த 14 பயிற்சித் தாள். நான் 26 வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். என் சின்ன மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், இப்போது 28 வயது. எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதை அரிசி டின்னுக்கு மேலே ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து அழுத நாட்கள் உண்டு. எங்கள் பாப்பாவின் முதல் வார்த்தை அந்தத் தாளிலிருந்து வரவில்லை. கிணற்றடியில் வந்தது.

அப்போது அவளுக்கு மூன்று வயது எட்டு மாதம். துவைக்கிற கல்லில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவேன். தலையில் சொம்புத் தண்ணீர் விழுவதென்றால் அவளுக்கு உயிர். ஒரு நாள் சொம்பை மொண்டு தலைக்கு மேலே பிடித்து, "ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மனசுக்குள் பத்து எண்ணினேன். கை வலித்தது. தோளைக் குலுக்கினாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஊற்றினேன். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் போனதும் தன் தலையில் கையை வைத்துக் காட்டினாள். அப்புறம் உதட்டைக் குவித்தாள். சத்தமில்லாத அந்தக் குவிந்த உதட்டையே ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம் ஒரு காலை, நான் கேட்பதற்கு முன்னாலேயே "ஊத்" என்றாள். அன்றைக்கு ஏழு சொம்பு ஊற்றினேன். ஏழு தடவையும் சொன்னாள்.

அந்தப் பத்து எண்ணுவதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது நன்றாகவே புரியும். ஆனால் கேட்டதை வாங்கி, பதிலை யோசித்து, தளர்வான நாக்கையும் உதட்டையும் அதற்குக் கூட்டிச் சேர்க்க நேரம் பிடிக்கும். நாம் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், இல்லையென்றால் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

எனவே தாளை மடித்து வையுங்கள். அதில் இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு, எப்படியும் நடக்கிற வேலைக்குள் நுழையுங்கள். விரலுக்குப் பயிற்சி என்று எழுதியிருக்குமே? நீங்கள் தைக்கும்போது காலியான நூல் ரீல்களை அவன் கையில் கொடுத்து டப்பாவில் போடச் சொல்லுங்கள். பட்டன் மட்டும் வேண்டாம், வாயில் போட்டுவிடுவான். அத்தை மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். "போடு", "இன்னும்", "போதும்", மூன்றே வார்த்தை. அத்தை தினமும் இரண்டு வேளை தவிடு கலக்கிறார் அல்லவா, அவரைவிட நல்ல ஸ்பீச் டீச்சர் அவனுக்குக் கிடைக்கமாட்டார்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு மணைப் பலகை போடுங்கள். கால் ஊன்றினால்தான் முதுகு நிற்கும், முதுகு நின்றால்தான் வாய் வேலை செய்யும். தயிர்ச்சோறு ஊட்டும்போது ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்திக் காத்திருங்கள். அவன் மேலுதட்டை மூடி எடுத்துக்கொள்ளட்டும். நாம் ஸ்பூனை மேலே தூக்கிப் பல்லில் வழித்து ஊட்டினால் அந்த உதட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

இரண்டு மொழியைச் சேர்த்துக் கட்ட நம்மூரிலேயே வழி இருக்கிறது. வா, போ, தா, பால், பூ, கை, கால், மூக்கு, கண்ணு, அம்மா. இதெல்லாம் அங்கன்வாடியிலும் இதே வார்த்தை, வீட்டிலும் இதே வார்த்தை. இவற்றில் தொடங்குங்கள். மாறுகிற வார்த்தைக்குக் கைச்சாடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணி, அங்கன்வாடியில் வெள்ளம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினால் இரண்டு இடத்திலும் அதுதான் அர்த்தம். டீச்சரிடம் ஒரு தடவை நேரில் காட்டிவிட்டு வாருங்கள். சாடை பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். அப்படி ஆவதில்லை. பேச்சு வரும்வரை அதுதான் பாலம், வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். எங்கள் பாப்பா இன்றைக்கு என்னிடம் தண்ணி கேட்கிறாள், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் வெள்ளம் கேட்கிறாள். ஒரு நாளும் மாற்றிக் கேட்டதில்லை.

தெரபியை விடச் சொல்லவில்லை. மூன்று நாளை ஒரு நாளாக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் அவன் சாப்பிடுவதை, ரீல் போடுவதைப் போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதைப் பார்த்து அடுத்த வேலையைச் சொல்லட்டும். மிச்சமாகிற இரண்டு நாளில் ஒரு மதியம் நீங்கள் தூங்குங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை.

எருத்தேன்பதியிலிருந்து ஒரு பாட்டி:

மருமகள் கிரகணத்தன்று சொல்பேச்சுக் கேட்காமல் வாசலில் நின்றாள். பேத்தி இப்படிப் பிறந்தது அதனால்தானா?

இல்லை அம்மா. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு 21ஆம் எண்ணில் ஒன்று கூடி 47 இருக்கும். 1866இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். காரணம் இந்தக் கூடுதல் குரோமோசோம்தான் என்பது 1959இல் பிரான்சில் தெரியவந்தது. அது கரு உருவாகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் மருமகள் முழுகாமல் இருப்பது யாருக்கும் தெரிவதற்கு முன்னால். கிரகணமோ, பப்பாளியோ, பயந்ததோ காரணம் ஆகாது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் இளவயதுத் தாய்மார்களுக்கும் நிறையப் பிறக்கிறார்கள். எனக்கு அப்போது 24 வயது.

குரோமோசோம் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் டிரான்ஸ்லொகேஷன், அதாவது கூடுதல் 21 தனியாக நிற்காமல் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இருந்தால், நூற்றில் மூன்று நாலு பேருக்குத்தான் அப்படி இருக்கும், அடுத்த பிள்ளைக்கு முன்னால் தாய் தகப்பன் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், கிரகணத்தால் இல்லை என்பதை மருமகளிடம் நீங்களே சொல்லுங்கள். இத்தனை நாள் அதை அவள் மனசில் சுமந்துகொண்டிருப்பாள்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஓர் அப்பா:

குழந்தைக்கு நாலு மாதம். டவுன் சிண்ட்ரோம், கூடவே இதயத்தின் நடுவில் பெரிய ஓட்டை. ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். பொள்ளாச்சியில் இருக்கும் மாமனார் வீட்டில், ஒரு வயசாகி எடை ஏறட்டும் என்கிறார்கள். எந்த மாநிலத்தில் செய்வது, சான்றிதழ் எங்கே வாங்குவது?

தம்பி, இதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கிறது. நடுச்சுவரில் பெரிய ஓட்டை என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சரிசெய்வார்கள். தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, பிறகு ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வரலாம். எடை ஏறாததற்குக் காரணமே அந்த இதயம்தான், பால் குடிப்பதற்குள் களைத்துவிடுகிறது. நாள் குறிப்பது இதய டாக்டரின் வேலை.

நீங்கள் கேரளத்தில் குடியிருப்பதால் ஹ்ருத்யம் திட்டத்தில் உடனே பதியுங்கள். 2017இல் தொடங்கியது, பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளுக்கு இலவச சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலைய நர்சிடம் கேட்டாலே வழி சொல்வார். மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. என்ற சிறுபிள்ளைகளுக்கான மையமும் இருக்கிறது, பின்னால் தெரபிக்கும் அதுதான். மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது யு.டி.ஐ.டி., நாடு முழுக்க ஒன்றுதான். குடியிருக்கும் முகவரியில் வாங்குங்கள், எல்லை தாண்டினாலும் செல்லும். அது கிடைத்ததும் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. ஆனால் இதெல்லாம் அப்புறம். இந்த வாரம் இதயம் மட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி:

டீச்சர், என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். என் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துவிட்டான். அம்மா, "அவனுக்கென்ன தெரியும், நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்றார். எனக்குக் கோபம் வந்து அவனை அடித்துவிட்டேன். அப்புறம் நானே அழுதேன். நான் கெட்ட பொண்ணா?

இல்லை கண்ணு. ராத்திரி உட்கார்ந்து வரைந்த படம் கிழிந்தால் யாருக்கும் கோபம் வரும். கோபம் வந்ததில் ஒரு தப்பும் இல்லை. அடித்தது வேண்டாம், அது உனக்கே தெரிந்துதான் அழுதிருக்கிறாய். அடுத்த முறை நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நில், உரக்க "வேண்டாம்" என்று சொல். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை புரியும். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சொல்லு.

இது உன் அம்மாவுக்கு: "அவனுக்கென்ன தெரியும்" என்பதை விட்டுவிடுங்கள் அம்மிணி. சொல்லிக்கொடுத்தால் அவனுக்குத் தெரியும். கிழித்த தாளைப் பொறுக்கி அக்கா கையில் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து ஒட்டிக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இவளையே விட்டுக்கொடுக்கச் சொன்னால் தம்பிமேல் இவளுக்கு இருக்கிற பாசம் மெல்ல மெல்ல கசந்துபோகும். எங்கள் பெரியவன் பத்து வயதில் ஒரு நாள், "எனக்கும் காய்ச்சல் வந்தால்தான் என் பக்கத்தில் உட்காருவியா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அரை மணி நேரம் அவனுக்கென்று ஒதுக்கினேன். அந்த நேரத்தில் பாப்பா அப்பாவிடம் இருப்பாள், அழுதாலும் நான் எழுந்து போகமாட்டேன்.

கண்ணு, இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. உன் புத்தக அலமாரிக்கு ஒரு கொக்கி வாங்கித் தரச் சொல். தம்பியை நிற்க வைத்து அளந்து பார்த்து, அவன் கையை நீட்டினாலும் எட்டாத உயரத்தில் அப்பாவை அடிக்கச் சொல்.