முதல் மாத்திரையும் அந்த ஆறு மணி நேரமும்

தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்எஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்), அதற்கு ஃபிங்கோலிமோட் 0.5 மி.கி. மாத்திரை தொடங்கப் போகிறார்கள், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் ஏற்கெனவே எடுக்கிறார், முதல் நாள் 6 மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் உட்காரத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் உட்கார வேண்டும்.

ஃபிங்கோலிமோட் வெள்ளணுக்களை நிணநீர்க் கணுக்களிலேயே தடுத்து வைக்கிறது. அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் (செல்களில் மருந்து ஒட்டும் இடங்கள்) இதயத்திலும் உண்டு. அதனால் முதல் மாத்திரை போட்டதும் நாடித்துடிப்பு இறங்கும்; பெரும்பாலும் 4, 5 மணி நேரத்தில்தான் அடிமட்டத்தைத் தொடும். தொடர்ந்து சாப்பிட்டால் ஒரு மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் அட்டெனோலால். அதுவும் துடிப்பைக் குறைக்கும் மருந்து, இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். இதய மருத்துவரைக் கலந்து மாற்று மருந்து தர முடியுமா என்று பார்ப்பார்.

அன்று மாத்திரைக்கு முன் ஒரு ஈசிஜி, பிறகு மணிக்கொருமுறை நாடியும் ரத்த அழுத்தமும், 6 மணி நேரம் முடிந்ததும் இன்னொரு ஈசிஜி. கடைசி அளவீட்டில் நாடி 45-க்குக் கீழே இருந்தாலோ, அன்றைய அளவுகளிலேயே அதுதான் மிகக் குறைவு என்றாலோ வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லட்டும். "இது வழக்கமான எம்எஸ் களைப்புதான்" என்று பொறுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு.

முதல் 2 வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போனாலும், முதல் மாதத்துக்குப் பிறகு 14 நாளுக்கு மேல் விட்டாலும், மீண்டும் இதே கண்காணிப்பு தேவை.