ஜெர்மனியில் பிஎச்.டி. செய்யக் கடன் எதற்கு?

கேள்வி: மெட்டீரியல்ஸ் பிரிவில் எம்.டெக். முடித்து, இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் பிஎச்.டி. செய்ய ஆசை. சீட் வாங்கித் தர மூன்று லட்சம் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். செலவுக்கு வீட்டை அடமானம் வைத்து 25 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. வாங்கலாமா? – ஒரு வாசகி, கோவை

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

‘சீட்’ என்று ஏஜென்ட் சொன்னாரே, அங்கேயே கோளாறு. ஜெர்மனியில் அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலைதான். வேலைக்குச் சேர யாராவது மூன்று லட்சம் கேட்டால் நம் ஊரில் என்ன நினைப்போமோ, அதையே இங்கேயும் நினையுங்கள். அகாடமிக்ஸ் டாட் டிஇ, யூராக்செஸ் தளங்களிலும் பேராசிரியர்களின் ஆய்வுக்குழுப் பக்கங்களிலும் விளம்பரங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. மேக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு நிலையங்களையும் விடாதீர்கள்.

விளம்பரத்தின் அடியில் ‘டிவி-எல் இ13, 65%’ என்று ஒரு வரி இருக்கும். நிதி ஆலோசகனாக நான் முதலில் பார்ப்பது அதைத்தான். டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர்களின் சம்பள அட்டவணை. இ13 முதுகலை முடித்தவர்களுக்கான நிலை. 2025 பிப்ரவரி அட்டவணைப்படி முதல் படியில் (அனுபவம் கூடக் கூட ஏறும் படிகளில் முதலாவது) முழுச் சம்பளம் மாதம் சுமார் 4,630 யூரோ. அதில் 65% என்றால் 3,000 யூரோ சொச்சம். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக, தனியாளுக்கு 2,000 யூரோவை ஒட்டிக் கைக்கு வரும். ஆனால் 65% சம்பளத்துக்கு 65% நேரம்தான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். லேபில் முழுநேரமும் இருக்க வேண்டியிருக்கும். பொறியியலில் 100% இடங்களும் வருகின்றன, தேடிப் பாருங்கள்.

இந்தச் சம்பளத்தில் பேரம் பேச இடமில்லை. பேசக்கூடியது ஒன்றுதான்: உங்கள் இரண்டு வருட அனுபவத்தைக் கணக்கில் எடுத்து மேல்படியில் சேர்ப்பார்களா என்பது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.

அப்புறம் ஊர். மியூனிக்கிலும் கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸிலும் ஒரே அட்டவணைதான். ஆனால் மியூனிக்கில் ஓர் அறைக்கே 800 யூரோ போய்விடும். கெம்னிட்ஸில் அதில் பாதி இருந்தாலே தாராளம். பேர்பெற்ற ஊர் என்பதற்காக மாதம் 400 யூரோ கூடுதலாகக் கொடுப்பீர்களா என்று யோசியுங்கள்.

உதவித்தொகையில் போனால் கணக்கு வேறு. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் தொகை 1,300, 1,400 யூரோ அளவில்தான். ஓய்வூதியக் கணக்கிலும் எதுவும் சேராது. இரண்டும் கிடைத்தால் நான் வேலை ஒப்பந்தத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மாணவர் விசாவுக்கென்று வங்கிக் கணக்கில் முடக்கிவைக்கச் சொல்லும் 11,904 யூரோவைப் பற்றி அப்பா கேள்விப்பட்டிருப்பார். செலவுக்குப் போதுமான சம்பளத்தோடு ஒப்பந்தம் இருந்தால் பொதுவாக அதுவே வருமானச் சான்று. கையில் வேண்டியது விசா கட்டணம் 75 யூரோ, விமான டிக்கெட், வீட்டு முன்பணம் (சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத வாடகை), முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. நான்கு லட்சம் இருந்தால் சமாளிக்கலாம். அதை உங்கள் சேமிப்பிலிருந்தே எடுங்கள்.

நேர்காணலின் கடைசியில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ஒப்பந்தம் மூன்று வருடமா, ஒரு வருடம் போட்டுப் பிறகு நீட்டிப்பதா என்று கேளுங்கள்.