பார்க்லியை இழந்த ஜயண்ட்ஸ்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து பற்றிய கட்டுரையில், ஓர் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) அணியை டிராஃப்ட் வழியாக, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு வழியாகத்தான் கட்ட முடியும், பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட்டுகளை விலைக்கு வாங்கிக் கட்டுவது நிலைக்காது என்று எழுதியிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் வசிப்பவன், நியூயார்க் ஜயண்ட்ஸ் ரசிகன். 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை எடுத்தது எங்கள் அணி. ஆறு சீசன் ஆடவைத்துவிட்டு 2024 மார்ச்சில் போகவிட்டது. பரம எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 3.775 கோடி டாலர் கொடுத்து அவரை வாங்கியது. அந்த சீசனிலேயே அவர் 2,005 யார்டு ஓடினார், ஈகிள்ஸ் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றது, நாங்கள் 3-14 (3 வெற்றி, 14 தோல்வி) என்று முடித்தோம். டிராஃப்டில் எடுத்தவன் தோற்றான், காசு கொடுத்தவன் ஜெயித்தான். உங்கள் வாதம் இங்கே எப்படி நிற்கும்?

ஆர்.,
நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

பார்க்லியை ஈகிள்ஸ் வாங்கியது அண்மைக்காலத்தின் மிகச் சிறந்த ஃப்ரீ ஏஜென்ட் கொள்முதல்களில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதே பார்க்லி முந்தைய ஆண்டு ஜயண்ட்ஸுக்காக ஓடியது 962 யார்டு. ஓர் ஆண்டில் ஒருவருக்கு இரட்டிப்புத் திறமை வந்துவிடாது. அவருக்கு முன்னால் வழி திறந்துவிட்டவர்கள் யார் என்று பாருங்கள்.

எதிரணியைத் தடுத்து வழி திறக்கும் ஐவர் வரிசைக்கு ஒஃபென்சிவ் லைன் என்று பெயர். ஈகிள்ஸின் லைனில் இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர், அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2018 டிராஃப்டின் ஏழாம் சுற்றில் 233-ஆவதாக வந்தவர். அவருக்குப் பக்கத்தில் லாண்டன் டிக்கர்சன், நடுவில் கேம் ஜர்கன்ஸ். முறையே 2021, 2022 டிராஃப்டுகளில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். வலது ஓரத்தில் லேன் ஜான்சன், 2013-இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர். ஐவரில் வெளியிலிருந்து வந்தவர் மெக்கை பெக்டன் மட்டும், அவரும் ஓராண்டு ஒப்பந்தத்தில். பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்த அந்த வரிசைக்குப் பின்னால்தான் பார்க்லி வந்து நின்றார். ஜயண்ட்ஸில் அவருக்குக் கிடைக்காதது அதுதான்.

அவரை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. 2024-இல் ஓர் அணிக்கான சேலரி கேப், அதாவது மொத்தச் சம்பள உச்சவரம்பு, 25.54 கோடி டாலர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு ஈகிள்ஸ் முந்தைய ஆண்டே ஐந்தாண்டுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. ஆனால் தடுப்பாட்டத்தில் ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித், மில்டன் வில்லியம்ஸ், நகோபி டீன், குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் ஆகிய ஏழு பேரும் டிராஃப்டில் வந்து தங்கள் முதல் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். டிஜீனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு கோடி டாலர்கூட இல்லை. சூப்பர் பௌல் நடந்த 2025 பிப்ரவரி 9 அன்று பார்க்லிக்கு 28-ஆவது பிறந்தநாள், டிஜீனுக்கு 22-ஆவது. அன்று பார்க்லியை எதிரணியான கான்சஸ் சிட்டி 57 யார்டில் கட்டிப்போட்டது. டிஜீனோ அந்த அணியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்தை இடைமறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்திய ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது.

டிராஃப்ட் ஏன் மலிவு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் முழு வாதமும் அதில்தான் இருக்கிறது. ஐபிஎல்லில் புதுமுகம்கூட ஏலத்துக்கு வருவார், நான்கு அணிகள் மோதினால் விலை எகிறும். என்எஃப்எல்லில் கல்லூரியிலிருந்து டிராஃப்டில் எடுக்கப்படுபவருக்கு ஏலம் கிடையாது. எந்த அணி எடுத்ததோ அங்கேதான் போக வேண்டும். எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்துச் சம்பளம் கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவாகிவிடும், நான்கு ஆண்டுக்கு. 2010-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அடுத்த ஆண்டு லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே புதிய கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்குக் கிடைத்தது 2.2 கோடி. 2024-இல் முதலிடத்தில் வந்த கேலப் வில்லியம்ஸின் நான்காண்டுச் சம்பளம் மொத்தம் சுமார் 3.95 கோடி, அவரைப் போலவே குவார்ட்டர்பேக்கான டாக் பிரெஸ்காட் அதே ஆண்டு பெற்ற புதிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு மட்டும் 6 கோடி.

ஆக, டிராஃப்டில் அணிகளுக்குக் கிடைக்கும் லாபம் தேர்வாளர்களின் ஞானத்தால் வருவதல்ல. ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் டிராஃப்டை ஆராய்ந்தபோது, முன்னால் எடுக்கப்பட்டவர் அதே இடத்தில் ஆடும் அடுத்த வீரரைவிடச் சிறப்பாக அமைவது பாதிக்குச் சற்றே மேல்தான் என்று கண்டார்கள். லாபம் முழுக்க விலைக்கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால்தான், ஆர்., 2018-இல் பார்க்லியை எடுத்ததே தவறு என்கிறேன். இரண்டாம் இடத்துக்கு அவருக்குக் கிடைத்த 3.12 கோடி டாலர், முதல் நாளிலேயே அவரை மிக அதிகச் சம்பளம் வாங்கும் ரன்னிங் பேக்குகளின் வரிசையில் வைத்துவிட்டது. சந்தை விலையைக் கொடுத்தபின் மிச்சம் எங்கே? அதே டிராஃப்டில் குவார்ட்டர்பேக்குகளான ஜாஷ் ஆலன் ஏழாவதாகப் போனார், லமார் ஜாக்சன் 32-ஆவதாக. உங்கள் அணி டிராஃப்டுக்குப் போய் ஃப்ரீ ஏஜென்சி விலை கொடுத்துவிட்டு வந்தது.

ஃப்ரீ ஏஜென்சியில் நிலைமை நேர் எதிர். ஒரு வீரரின் முழங்காலையும் உழைப்பையும் நன்கறிந்தது அவருடைய பழைய அணி. அது விடும்போது, அவரைப் பற்றிக் குறைவாக அறிந்த முப்பத்தொரு அணிகளில் யார் அவரை மிக உயர்வாக மதிப்பிடுகிறாரோ அவர் கையில் போய்ச் சேர்கிறார். வாஷிங்டன் 2009-இல் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு ஏழாண்டுக்கு 10 கோடி டாலர் வரை ஒப்பந்தம் கொடுத்தது, இரண்டே சீசனில் முடிந்தது. இதே ஈகிள்ஸ் 2011-இல் நாம்டி அசோமுகா உட்படப் பலரை வாரிக் குவித்தபோது புதிதாக வந்த வின்ஸ் யங் அதைக் கனவு அணி என்றார். முடிவு 8-8.

பிறகு நல்ல கொள்முதல்கள் எப்படி நடக்கின்றன? சந்தை பயந்து விலகும் இடத்தில். 2006-இல் குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸின் தோளில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது, நியூ ஆர்லியன்ஸ் துணிந்தது. 2024-இல் ரன்னிங் பேக்குகளுக்குப் பெரிய சம்பளம் வீண் என்று லீகே ஒதுங்கியிருந்தது, ஈகிள்ஸ் துணிந்தது. அதே மார்ச்சில் ஸாக் பானை ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்து தடுப்பாட்டத்தின் நடு லைன்பேக்கராக மாற்றினார்கள், அவர் அந்த சீசனில் லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவில் இடம்பெற்றார். நான் வியப்பது அதற்கடுத்த மார்ச்சை. சூப்பர் பௌலில் மஹோம்ஸை நிலைகுலைய வைத்த ஜாஷ் ஸ்வெட்டையும் மில்டன் வில்லியம்ஸையும் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் போகவிட்டார். வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து கொடுத்தது நான்காண்டுக்கு 10.4 கோடி. வெளியே போகிறவர்கள் உள்ளே வருகிறவர்களைவிட அதிகமானால், ஈட்டுத் தேர்வுகளாக லீக் அடுத்த ஆண்டு டிராஃப்டில் கூடுதல் இடங்கள் தரும். பின்னாளில் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை 199-ஆவதாக நியூ இங்கிலாந்து எடுத்தது அப்படி வந்த ஓர் இடத்தில்தான்.

டிராஃப்டால் கட்டுங்கள் என்று சொல்லும்போது எனக்குள் ஓர் உறுத்தல் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். முதல் டிராஃப்ட் 1936-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. யோசனை ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல்லுடையது. வீரர்களுக்காக அணிகள் போட்டி போட்டு விலை ஏற்றுவதை அவரால் தாங்க முடியவில்லை. முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கேட்ட சம்பளம் கிடைக்காமல் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஃப்ரீ ஏஜென்சியோ வீரர்கள் நீதிமன்றத்தில் போராடி 1993-இல் பெற்றது. வழக்கில் முன்நின்ற ரெஜி வைட் அந்த ஆண்டே நான்காண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு கிரீன் பே அணிக்குப் போனார், 1997 ஜனவரி சூப்பர் பௌலில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தி அந்த ஊருக்குக் கோப்பை கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி, 2022 டிராஃப்டின் 262-ஆவதும் கடைசியுமான தேர்வு, அடுத்த சீசனில் 8.7 லட்சம் டாலர் சம்பளத்தில் அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். அணி மிச்சம்பிடித்த ஒவ்வொரு டாலரும் அவருடைய உழைப்பு. தன் சம்பளத்தை முடிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் அவருக்கு வாக்கு கிடையாது. ரன்னிங் பேக்குகளுக்கு இது இன்னும் கொடுமை, முதல் ஒப்பந்தம் முடிவதற்குள் அவர்களுடைய நல்ல கால்கள் பாதி தேய்ந்துவிடும். பார்க்லி தனக்கான அணியைத் தானே தேர்ந்தெடுத்து, 27 வயதில் அப்படி ஓடினார் என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு. ஜயண்ட்ஸ் ரசிகரான நீங்களும் அதை அவருக்கு மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் அணிக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 டிராஃப்டில் குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட்டை 25-ஆவதாக எடுத்தார்கள். 2028 வரை அவர் சம்பளம் கட்டுக்குள் இருக்கும், முதல் சுற்றில் வந்தவர் என்பதால் ஐந்தாவது ஆண்டுக்கும் அணிக்கு உரிமை உண்டு. அந்த ஆண்டுகளில் மிச்சமாகும் கேப் பணத்தில் முதல் பங்கு ஒஃபென்சிவ் லைனுக்குப் போகிறதா என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பாருங்கள்.

அன்புடன்.