வேதாகமத்தில் துளிரும் கிளையும்: கேள்வி பதில்

வசனங்கள் நம் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய திருப்புதலின்படி. எபிரெய, கிரேக்கச் சொற்களை ஒலிவடிவில் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஏசாயா 11:1, எரேமியா 23:5, சகரியா 3:8 மூன்றிலும் "கிளை" என்றே இருக்கிறது. மூலத்திலும் ஒரே சொல்தானா ஐயா?

இல்லை. எரேமியா 23:5, 33:15, சகரியா 3:8, 6:12 ஆகியவற்றில் இருப்பது "செமாக்". மண்ணிலிருந்து முளைத்தெழும் எதற்கும் அந்தச் சொல் பொருந்தும். "முளை" என்றால் இன்னும் நெருக்கம். ஏசாயா 11:1-இல் இருப்பது "நேட்சேர்", அதாவது வேரடியிலிருந்து கிளம்பும் இளங்கன்று.

அதே வசனத்தில் "அடிமரம்" என்று வருவது "கேசா". அது நிமிர்ந்து நிற்கும் மரமல்ல, வெட்டியபின் மிஞ்சும் அடிக்கட்டை. யோபு 14:7-9-இல் தண்ணீரின் வாசனையால் துளிர்க்கும் கட்டைக்கும் இதே சொல்தான். பிரசங்கத்தில் இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறார்கள். தழைத்த மரத்திலிருந்து ஒரு கிளை நீள்வதாகப் படம் வரைந்துவிட்டால் வசனத்தின் பாதி போய்விடும். 10:33-34-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: லீபனோன் காடு வெட்டிச் சாய்க்கப்படுகிறது. கேதுரு போன்ற ஊசியிலை மரத்தை அடியோடு வெட்டினால் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. ஈசாயின் கட்டையோ துளிர்க்கிறது. தாவீதின் பெயரைச் சொல்லாமல் தகப்பன் ஈசாயின் பெயரைச் சொல்வதையும் கவனியுங்கள். அரியணைக்கு முந்தைய பெத்லகேம் வீடுவரை வெட்டு இறங்கியிருக்கிறது.

கேள்வி: மத்தேயு 2:23-இல் "நசரேயன் என்னப்படுவார்" என்பது இந்த நேட்சேரைத்தான் சொல்கிறதா? சிம்சோனும் நசரேயன்தானே?

தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் விழுந்ததால் வந்த குழப்பம் இது. சிம்சோன் (நியாயாதிபதிகள் 13:5) "நாசீர்", விரதம் பூண்டவன். அந்தச் சொல்லில் உள்ள எழுத்து சயின். நாசரேத்து ஊரின் பெயரில் உள்ளது சாதே. 1962-இல் செசரியாவில் கிடைத்த எபிரெயக் கல்வெட்டுத் துண்டு ஊர்ப்பெயரைச் சாதேயோடுதான் எழுதுகிறது. நேட்சேரிலும் அதே சாதே. ஆகவே மத்தேயு ஏசாயாவை நினைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அவர் "தீர்க்கதரிசிகளால்" என்று பன்மையில் சொல்கிறார், அந்த வாசகம் அப்படியே எந்தப் புத்தகத்திலும் இல்லை. முடிந்த முடிவாகப் போதிக்க வேண்டாம். நேட்சேர் என்றாலே மேசியா என்றும் எண்ண வேண்டாம்: பழைய ஏற்பாட்டில் 4 இடங்களில் மட்டும் வரும் இச்சொல், ஏசாயா 14:19-இல் எறியப்பட்ட பாபிலோன் ராஜாவுக்கு ஆகிறது.

கேள்வி: நோவாவின் புறா கொண்டுவந்தது இலையா, கிளையா? ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் எல்லாம் கிளைதான்.

இலை. ஆதியாகமம் 8:11 எபிரெயத்திலும் தமிழிலும் ஒலிவ இலை என்றே சொல்கிறது. ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு அங்கே "ராமும்", அதாவது கிளை, என்று போட்டது. மேற்கத்திய ஓவியங்களில் கிளை இடம்பிடிக்க அது வழிவிட்டது. சமாதானச் சின்னம் என்பதும் அந்த வசனத்தில் இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது என்று நோவா அறிந்துகொண்டான், அவ்வளவே.

கேள்வி: எரேமியா 1:11-12-இல் வாதுமைக் கிளைக்கும் "தீவிரமாய் நிறைவேற்றுவேன்" என்பதற்கும் என்ன தொடர்பு?

தமிழில் தொடர்பே தெரியாது, ஏனென்றால் அது ஒரு சிலேடை. வாதுமை "ஷாக்கேத்", விழித்திருந்து கவனிப்பவன் "ஷோக்கேத்". "விழித்திருக்கும் மரத்தைக் காண்கிறாய்; நானும் விழித்திருக்கிறேன்" என்பது போன்ற பேச்சு. இஸ்ரவேலில் மற்ற மரங்கள் உறங்கும் ஜனவரி கடைசி, பிப்ரவரியிலேயே இலை வருமுன் பூப்பது வாதுமை. ஆரோனின் கோலில் (எண்ணாகமம் 17:8) துளிர்த்ததும் இதுவே. குத்துவிளக்கிலும் (யாத்திராகமம் 25) வாதுமைக் கொட்டை வடிவ மொக்குகள்தான்: 6 கிளைகளில் மும்மூன்று, தண்டில் 4, ஆக 22.

நம் தெருவோரம் நிழலுக்கு வைக்கும் நாட்டு வாதுமையை மேடையில் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். அது வேறு குடும்பம். வேதாகம வாதுமை பாதாம் பருப்பு தரும் மரம்.

கேள்வி: பாபிலோனில் கின்னரங்களைத் தூக்கிவைத்த "அலரிச்செடி" நம் அரளியா?

அல்ல. சங்கீதம் 137:2-இலும் லேவியராகமம் 23:40-இன் "ஆற்றலரி"யிலும் உள்ள எபிரெயச் சொல் "அராவா". லேவியராகமத்தில் அது ஆற்றோர வில்லோ. சங்கீதத்தில் பெரும்பாலும் ஐபிராத்துக் கரையில் வளரும் பாப்லர் மரம். கிளை தொங்கும் வில்லோவுக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பாபிலோன் பெயரை வைத்ததே தவறான ஊகம். அது சீனத்து மரம்.

கூடாரப்பண்டிகையில் கையில் ஏந்தும் கொப்புக்கொத்தை மாதிரிக்குச் செய்து காட்ட விரும்பினால் யூத வழக்கம் இது: விரியாத பேரீச்சங்குருத்து 1, ஒரு கணுவில் மூன்று இலை விடும் மிர்ட்டில் கொப்பு 3, வில்லோ 2. குருத்தின் முதுகு பிடிப்பவரைப் பார்த்திருக்க, மிர்ட்டில் வலப்பக்கம், வில்லோ இடப்பக்கம், சற்றுத் தாழ. நாரத்தை இனத்துக் கனி ஒன்று தனியாக இடக்கையில். வில்லோதான் முதலில் வாடும், ஈரத்துணியில் சுற்றிவையுங்கள்.

கேள்வி: ரோமர் 11-இல் காட்டொலிவை நல்ல மரத்தில் ஒட்டுகிறார் பவுல். ஒட்டுக்கட்டுகிறவர்கள் தலைகீழாக அல்லவா செய்வார்கள்?

செய்வார்கள். ஒட்டுமாங்கன்றிலும் இதுதான் கணக்கு: வேருக்கு நாட்டுக்கன்று, மேலே நல்ல ரகம். கனியின் ரகத்தை முடிவுசெய்வது மேலே வைக்கும் ஒட்டுக்குச்சி, வேர் அல்ல. காட்டுக்குச்சியை ஒட்டினால் காட்டுக்காய்தான் வரும். முதல் நூற்றாண்டு ரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, காய்க்காத ஒலிவமரத்தில் துளையிட்டுப் பச்சைக் காட்டொலிவக் குச்சியைச் செருகச் சொல்கிறார். அதைக் காட்டிப் பவுலுக்கு விவசாயம் தெரியும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அந்தச் சாட்சியே தேவையில்லை என்று தோன்றுகிறது. 24-ஆம் வசனத்தில் "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று அவரே சொல்லிவிடுகிறார். முறை தலைகீழ் என்பதுதான் வாதத்தின் அச்சாணி.

கேள்வி: ஆமோஸ் காட்டத்திப்பழம் "பொறுக்குகிறவன்" என்றால் கூலியாளா?

7:14-இல் உள்ள "போலேஸ்" வெறும் பொறுக்குதல் அல்ல என்பது பலர் கருத்து. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கீறுதல் என்று எடுத்துக்கொண்டது. காட்டத்திக் காயைக் கத்தியால் கீறிவிட்டால் காயத்திலிருந்து எத்திலீன் வாயு கிளம்பி, காய் சில நாட்களில் பருத்து இனிப்பேறும். மரம் முழுக்க ஏறிக் காய் காயாகக் கீற வேண்டிய, பருவம் தெரிந்தவன் செய்யும் வேலை அது.

கேள்வி: குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து வேதப்படி சரியா? மீந்ததை என்ன செய்வது?

பனை இனத்து ஓலையைச் சொல்வது யோவான் 12:13 மட்டும், அது பேரீச்சை. மத்தேயுவில் மரக்கிளைகள், லூக்காவில் வஸ்திரங்கள் மட்டுமே. கி.மு. 141-இல் யூதத் தலைவர் சீமோன் மக்கபேயு எருசலேம் கோட்டையைக் கைப்பற்றி நுழைந்தபோதும் ஓலை பிடித்தார்கள் (1 மக்கபேயர் 13:51), ஆகவே கூட்டத்தின் கையில் இருந்தது வெற்றிச்சின்னம். ஊரில் கிடைக்கும் ஓலையை எடுப்பதில் தவறில்லை. ஆனால் தென்னைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. நடுக்குருத்தை ஆழமாக வெட்டி அந்த முனை சேதப்பட்டால் மரமே போகும். மரத்துக்கு ஓர் ஓலைக்கு மேல் எடுக்காமல், அடியைத் தொடாமல் வெட்டச் சொல்லுங்கள்.

மீந்த ஓலையை அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு எரிப்பது கத்தோலிக்க வழக்கம். நன்றாகக் காய்ந்தபின் தகர டப்பாவில் எரித்து, ஆறியதும் நுண்சல்லடையில் சலியுங்கள். தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள்: சாம்பலில் உள்ள காரம் கரைந்து நெற்றித் தோலைப் புண்ணாக்கிவிடும். உலர்ந்தபடியே இடுங்கள், ஒட்டவில்லையென்றால் சில துளி ஒலிவ எண்ணெய் போதும்.